பொன்தரப் பாலம்

நீலக்கல் ஆற்றின் தொங்குபாலம் போன வருட வெள்ளத்தோடு போய்விட்டது. அது ஊருக்கே தெரியும். மாடுகளுக்குக்கூடத் தெரியும், அவை இப்போது அக்கரைக்கு மேயப் போவதில்லை. தெரியாதது மலைக்களஞ்சியத்துக்கு மட்டும்தான்.

மலைக்களஞ்சியம் இணையத்தில் இருக்கிற ஒரு கலைக்களஞ்சியம். "யாவரும் எழுதலாம்" என்று முகப்பிலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கும். எழுதலாம்தான், யார் வேண்டாமென்றார்கள்? எழுதியது நிற்கும் என்று அவர்கள் எங்கேயும் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் நேர்மையானவர்கள். அங்கே எழுதுகிறவர்கள் கொஞ்சப் பேர், எழுதினதுக்குத் தரம் போடுகிறவர்கள் நிறையப் பேர். பொன், வெள்ளி, பித்தளை, தகரம், அதற்கும் கீழே முளை. ஒரு கட்டுரை முளையாகப் பிறந்து பொன்னாவதற்குள் எழுதினவருக்குத் தலை நரைத்துவிடும். களஞ்சியத்துக்கு ஊர் ஊராகக் கிளைகள் உண்டு. அதில் கண்டிக் கிளையிடம் பொன்தரக் கட்டுரை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது நீலக்கல் அருவியைப் பற்றியது. உச்சியில் பொன் நட்சத்திரம் மின்னும். "செல்லும் வழி" என்ற பகுதியில் இப்படி ஒரு வரி: "ஆற்றைத் தொங்குபாலத்தின் வழியாகப் பாதுகாப்பாகக் கடக்கலாம்."

இந்த ஒரு வரியால் கறுப்பையாவின் குடும்பம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

கறுப்பையா வத்தேகம பஸ் ஸ்டாண்டில் ஓட்டோ ஓட்டுகிறவன். வீடு, தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில், தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயங்களில் ஆற்றோரத்துக் கடைசி லயத்தில். சனி ஞாயிறு வந்தால் போதும், கொழும்பிலிருந்தும் குருநாகலிலிருந்தும் இளவட்டங்கள் போனைக் கையில் ஏந்திக்கொண்டு அருவி பார்க்கக் கிளம்பி வந்துவிடும். பாலம் இல்லையென்று கறுப்பையா சொல்வான். அவர்கள் போனைப் பார்ப்பார்கள், அவனைப் பார்ப்பார்கள், கடைசியில் போனைத்தான் நம்புவார்கள். போனில் பொன் நட்சத்திரம் இருக்கிறது. கறுப்பையாவின் சட்டையில் இருப்பது கிரீஸ் கறைதானே. லயத்துக்காரர்கள் அட்டையில் எழுதிக் கட்டிவைத்த எச்சரிக்கையையும் ஒருவரும் மதிக்கவில்லை. அது முதல் மழையிலேயே கூழாகிவிட்டது.

கரைக்கு வந்தபிறகாவது திரும்பிப் போவார்களா என்றால் அதுவும் இல்லை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, பாலம் போட்ட இடத்தில் ஆழமா இருக்கப் போகிறது என்று இறங்கிவிடுவார்கள். முழங்கால் தண்ணீர் மாதிரித்தான் தெரியும். நடுவில் ஒரு குழி இருக்கிறது, அது ஆளை அப்படியே உள்ளே வாங்கிக்கொள்ளும். அப்புறம் கூச்சல். கூச்சல் கேட்டதும் கறுப்பையாவின் மனைவி யசோதினி செய்துகொண்டிருந்ததைப் போட்டுவிட்டு ஓடுவாள். அவள் அந்த ஆற்றிலேயே நீந்தி வளர்ந்தவள். இழுத்துக் கரையில் போட்டுவிடுவாள். போன மாதம் அப்படி இழுத்த ஒரு தடித்த பையன் பயத்தில் அவள் கையைப் பிடித்து முறுக்கிய முறுக்கில் தோள்மூட்டு விலகிவிட்டது. இப்போது கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு இருக்கிறாள். கொழுந்து பறிக்க முடியாது, சட்டி தூக்க முடியாது. ஆனால் அடுத்த ஞாயிறு மறுபடி கூச்சல் கேட்டதும் அந்த ஒற்றைக் கையோடு எழுந்து ஓடினாள், பாருங்கள். கறுப்பையா குறுக்கே நின்று மறித்தான். நல்ல வேளை, வந்தவர்கள் தாமாகவே கரையேறிவிட்டார்கள்.

"ஒருத்தன் சாகக் கெடக்கிறப்ப, கை வலிக்குதுன்னு நான் உக்காந்திருக்கவா?" என்று அவள் கேட்டாள்.

அவள் இறங்காமல் இருக்கமாட்டாள் என்பது அவனுக்கு நன்றாகப் புரிந்தது. ஒருநாள் இறங்கியவள் ஏறாமலே போய்விடுவாள் என்பதும் புரிந்தது. வருகிறவர்களை நிறுத்த வேண்டும். அதற்கு அந்த வரியை எடுக்க வேண்டும். யாவரும் எழுதலாம் என்றுதானே போட்டிருக்கிறார்கள், எழுதிவிட்டால் போயிற்று என்று நினைத்தான். பாவம், விவரம் தெரியாதவன்.

வத்தேகமவில் போன் பேச, கணினி பார்க்க ஒரு கொமியுனிகேஷன் கடை வைத்திருக்கிற றம்ஸியா மடவளைக்காரி. கெட்டிக்காரி. கறுப்பையா சொல்லச் சொல்ல அவள் கடைக் கணினியில் தட்டினாள்: "பாலம் இப்போது இல்லை. ஆற்றில் இறங்க வேண்டாம்." இரண்டு பேரும் பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் வரி காணாமல் போயிற்று. கடிதம் ஒன்று வந்திருந்தது. "புதுப் பயனரே, வருக வருக! உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. உங்கள் தொகுப்பு நீக்கப்பட்டது. தொடர்ந்து பங்களியுங்கள். இப்படிக்கு, நிஷாந்தினி, செயலாளர், தர நிர்ணயப் பேரவை." கறுப்பையாவுக்கு இதற்கு முன் யாரும் வருக என்று எழுதியதில்லை. ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மறுபடி எழுதினார்கள். சான்று தேவை என்று பதில் வந்தது. சான்றுதானே என்று கறுப்பையா கரைக்குப் போய்ப் பாலமில்லாத ஆற்றைப் படம் பிடித்துவந்து ஏற்றினான். அதுவும் போயிற்று. காரணம் போட்டிருந்தார்கள்: "இப்படத்தில் பாலம் எதுவும் காணப்படவில்லை. ஆகவே பாலம் பற்றிய பகுதிக்கு இது பொருத்தமற்றது."

அடுத்த முறை எழுதியபோது விஷயம் பெரிதாகிவிட்டது. எழுதியவர் ஓட்டோ ஓட்டுநர் என்று தெரியவருகிறது. பாலம் இல்லையென்றால் பயணிகள் சுற்றுவழியில் ஓட்டோவில் போக நேரிடும். ஆகவே பாலம் விழுந்ததில் இவருக்குச் சொந்த நலன் உண்டு என்று எச்சரிக்கை வந்தது.

"பாலம் வுழுந்ததுல ஒங்களுக்கு லாபமாம் அண்ணன்," என்றாள் றம்ஸியா. "ஆத்தப் பெருக வெச்சதும் நீங்கதான்டு எழுதாம வுட்டாங்களே, அதுக்கு சந்தோசப்படுங்க."

எழுத்தில் பேசினால் புரியாது, நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று கறுப்பையா ஒரு சனிக்கிழமை ஓட்டோவை நிறுத்திவிட்டுக் கண்டிக்கு பஸ் ஏறினான். மடவளைச் சந்தியில் பஸ் வழக்கம்போல மாட்டிக்கொண்டது. போய்ச் சேர்ந்தபோது பேரவை கூடியிருந்தது. டவுனில் ஒரு டியூஷன் வகுப்பின் மேல்மாடி அது. பின்வரிசையில் ஒரு கதிரை காலியாக இருந்தது. உட்கார்ந்தான்.

தலைவர் தனபாலன் ஒரு கந்தோரில் முப்பது வருடம் ஃபைல்களைப் பக்கத்து மேசைக்கு அனுப்பி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அனுப்ப எதுவுமில்லாமல் தவித்துப்போய் இந்தப் பேரவையைத் தொடங்கினார். அன்றைய விவாதம், தகரத்துக்கும் பித்தளைக்கும் நடுவில் "கெட்டித் தகரம்" என்று ஒரு புதுத் தரம் வேண்டுமா என்பது. கடுகண்ணாவைக் கணவாயைப் பற்றி ஒருவர் எழுதிய கட்டுரை தகரத்தைவிட நன்றாக இருந்ததாம், ஆனால் பித்தளை கொடுக்கிற அளவுக்கு இல்லையாம். காரசாரமாகப் பேசினார்கள். ஒருவர் கண் கலங்கினார். கடைசியில் உபகுழு ஒன்று அமைத்தார்கள். அந்தக் கட்டுரையை வாசித்தவர்கள் கையை உயர்த்தும்படி யாரும் கேட்கவில்லை.

பிறகு கறுப்பையாவின் முறை வந்தது. எழுந்து, நடந்ததையெல்லாம் சொன்னான். மனைவியின் தோள்மூட்டு விலகியதையும் சொன்னான். செயலாளர் நிஷாந்தினி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் அதையும் எழுதிக்கொண்டாள்.

தனபாலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பதில் சொன்னார். "தம்பி, நாங்கள் உண்மைக்கு எதிரானவர்கள் அல்லர். உண்மை எங்களுக்கு மிகவும் பிடித்தமானது. ஆனால் பொன்தரத்தின் முதல் நிபந்தனை நிலைத்தன்மை. அடிக்கடி மாறுகிற கட்டுரைக்குப் பொன் கிடையாது. நீங்கள் பாலத்தை எடுத்தால் கட்டுரை மாறும். கட்டுரை மாறினால் பொன் போய்விடும். ஹட்டன் கிளைக்காரர்கள் இரண்டு பொன்னோடு இருக்கிறார்கள். ஒரு பாலம் விழுந்ததற்காக ஒரு கிளையே விழ வேண்டுமா? சொல்லுங்கள்."

கைதட்டினார்கள்.

ஒருக்கா வந்து உங்கள் கண்ணாலேயே பாருங்கள் என்று கறுப்பையா கெஞ்சினான். சபையில் ஒரு சலசலப்பு. ஏதோ கெட்ட வார்த்தை சொன்னது போல அவனைப் பார்த்தார்கள்.

தனபாலன் பொறுமையாக விளக்கினார். "கண்ணால் பார்ப்பது சொந்த ஆய்வு. எங்கள் விதிப்படி சொந்த ஆய்வு தடை. யாரோ பார்த்து, யாரோ எழுதி, யாரோ அச்சிட்டதைத்தான் நாங்கள் ஏற்போம். பாலம் இருக்கிறது என்பதற்குப் பத்திரிகைச் சான்று இருக்கிறது. இல்லை என்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது? ஆறு இருக்கிறது. ஆறு அச்சில் வந்ததா?"

பெரிய மனது பண்ணி ஒரு வழியும் காட்டினார்கள். நீலக்கல் பாலம் இல்லாததைப் பற்றிக் கறுப்பையா தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். அவனும் றம்ஸியாவும் உட்கார்ந்து எழுதினார்கள். முளைத்தரம் கிடைத்தது. மறுநாளே நீக்கிவிட்டார்கள். "இல்லாத ஒன்றைப் பற்றிய கட்டுரை" என்று காரணம் இருந்தது.

மிஞ்சியது பத்திரிகைதான். அருவியைப் பற்றிப் பத்திரிகையில் எழுதிய யோகராஜ் வத்தேகம நிருபர்; பஸ் ஸ்டாண்டில் தினமும் பார்க்கிற ஆள். கறுப்பையா கேட்டதும் அவன் சிரித்தான். அவன் அருவிப் பக்கம் போனதே இல்லையாம். களஞ்சியத்தைப் பார்த்து அப்படியே எழுதினானாம். களஞ்சியத்தில் அருவியின் அகலம் நானூறு அடி என்று கை தவறிப் போட்டிருந்தார்கள், ஆற்றையே விழுங்குகிற அகலம். பத்திரிகையிலும் அதே நானூறு அடி. ஆக, களஞ்சியம் பத்திரிகையை நம்பியது, பத்திரிகை களஞ்சியத்தை நம்பியது. இரண்டுக்கும் சம்பந்தமில்லாமல் ஆறு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சரி, பாலம் இல்லையென்று இப்போதாவது எழுது என்றான் கறுப்பையா.

"பாலம் போனது போன வருசத்துக் கதண்ணே," என்றான் யோகராஜ். "ஆள் போனா சொல்லுங்க. மொத பக்கத்துலயே போட்டுறேன்."

முதல் பக்கத்தில் யசோதினியின் படம் வருவது கறுப்பையாவின் கண்ணுக்குத் தெரிந்தது, அவன் கை முஷ்டியாகிவிட்டது. அடித்திருந்தால் அதுவும் செய்தியாகியிருக்கும். எழுந்து வந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து யசோதினியிடம் எல்லாவற்றையும் கொட்டினான். கெட்டித் தகரம் வரை சொன்னான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்ததில் தோள் வலித்து முகம் சுளித்தாள். பிறகு அமைதியாக, அவங்க ஒருநாள் இங்க வரத்தான போறாங்க என்றாள்.

வந்தார்கள். அடுத்த மாதமே வந்தார்கள். கட்டுரை பொன்தரம் பெற்று ஐந்தாண்டு நிறைவு. அதைக் கொண்டாட அருவியோரத்தில் ஒரு பலகை நாட்டுவதென்று தீர்மானமாகியிருந்தது. நல்ல கனமான பலகை. மேலே தூரத்திலிருந்தே தெரிகிற பொன் நட்சத்திரம், அதன் கீழே "மலைக்களஞ்சியம், பொன்தரம்" என்று எழுத்து, அதற்கும் கீழே பெரிதாக வெற்றிடம். இனிமேல் கிடைக்கப்போகிற பொன்களின் பெயர்களுக்காக விட்டுவைத்ததாம். ஆசை யாரை விட்டது. வத்தேகம வரை வேனில் வந்தார்கள். அங்கிருந்து மேலே ஓட்டோ. கறுப்பையா தன் கூட்டாளிகளையும் சேர்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் ஏற்றிப்போனான். பாலம் எவ்வளவு தூரம் என்று ஓர் அங்கத்தவர் கேட்டார். கட்டுரையில் உள்ளபடிதான் என்றான்.

கரைக்கு வந்தார்கள். இரண்டு கற்தூண்களும் அறுந்த கம்பியும் இருந்தன. பாலம் இல்லை. மேலே மழை பெய்திருந்ததால் தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்து ஓடியது.

தனபாலன் போனைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார். பாலம் தற்சமயம் பார்வைக்கு அகப்படவில்லை என்பது உறுப்பினர்களின் தனிப்பட்ட அனுபவம் மட்டுமே, அதைப் பேரவையின் கருத்தாகக் கொள்ளலாகாது என்று அறிவித்தார். சொந்த ஆய்வுக் குற்றத்துக்கு ஆளாகாமல் இருக்க உறுப்பினர்கள் ஒவ்வொருவராக ஆற்றுக்கு முதுகு காட்டி நின்றார்கள். ஒருவர் கண்ணையே மூடிக்கொண்டார். அப்படியே ஒரு குழுப் படமும் எடுத்தார்கள்.

நிஷாந்தினி மட்டும் திரும்பவில்லை. ஆற்றைப் பார்த்தாள். லயத்திலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த யசோதினியின் தொங்கும் கையைப் பார்த்தாள். அப்புறம் சிக்னல் கிடைக்கிற ஒரு பாறையில் ஏறி, போனை எடுத்து, அந்த வரியை அவளே அழித்தாள். அவள் கீழே இறங்குவதற்குள் போன் சிணுங்கியது. பொன்தரக் கட்டுரைகளைக் காப்பதற்கென்று தனபாலன் ஒரு தானியங்கிக் காவலை ஏற்பாடு செய்திருந்தார். அது தூங்குவதே இல்லை. "வருக வருக! உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. உங்கள் தொகுப்பு நீக்கப்பட்டது. இப்படிக்கு, நிஷாந்தினி, செயலாளர்." தன் பெயரைத் தானே வாசித்துவிட்டு அவள் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தனபாலனுக்குப் பெருமை தாங்கவில்லை. செயலாளரென்றும் பாராமல் விதி தன் கடமையைச் செய்திருக்கிறது, பார்த்தீர்களா என்றார். அந்த உற்சாகத்திலேயே ஒரு முடிவும் எடுத்தார். பலகை அக்கரைக்குப் போயாக வேண்டும். கட்டுரையில் உள்ள வழியிலேயே போக வேண்டும். தானே முதலில் போகப்போவதாகச் சொல்லிக் காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டார். பாலம் இருந்த இடம்தானே, ஆழம் இருக்காது என்றார். பலகையைக் கரையில் சாய்த்துவைத்துவிட்டு ஒரு காலைத் தண்ணீரில் வைத்தார். ஆறு அவருடைய சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு போயிற்று.

யசோதினி வந்து அவர் பக்கத்தில் நின்றாள். கறுப்பையா அவளைப் பிடிக்கப் போனான். அவள் தண்ணீரில் இறங்குவதாக இல்லை.

"ஐயா, நீங்க போறதுன்னா போங்க," என்றாள். சத்தம் போடவில்லை. "ஒங்க எழுத்த நம்பி வந்தவங்கள எல்லாம் நான் இழுத்துப் போட்டேன். எழுதுன ஆள இழுக்க மாட்டேன்."

தனபாலன் அவளைப் பார்த்தார். தண்ணீருக்குள் இருந்த கால் அதற்குள் சொந்த ஆய்வைச் செய்து முடித்துவிட்டிருந்தது. வெளியே எடுத்துக்கொண்டார்.

அதன்பிறகு விழாவைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் ஒரே கருத்து ஏற்பட்டது. பேரவை தொடங்கிய நாளிலிருந்து விவாதமின்றி நிறைவேறிய முதல் தீர்மானம் அதுதான். ஓட்டோவுக்குத் திரும்பி நடக்கத் தொடங்கினார்கள். ஒற்றைச் சப்பாத்தோடு நின்ற தனபாலன் பலகையைத் தூக்கச் சொன்னார். பலகையின் மேல் யசோதினி நல்ல கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

அது பேரவையின் சொத்து என்றார் தனபாலன்.

"பலகை இங்க இருக்கட்டும்," என்றாள் அவள். "வேணும்னா பாலத்த எடுத்துட்டுப் போங்க."

கண்ணை மூடியிருந்த அங்கத்தவர் சிரித்துவிட்டார். அவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுத்தார்களா என்பது தெரியவில்லை. பலகை அங்கேயே நின்றது. கறுப்பையா ஓட்டோவுக்கு அடிக்க வைத்திருந்த கறுப்புப் பெயிண்டைக் கொண்டுவந்தான். நட்சத்திரத்தைத் தொடவில்லை. அதன் கீழே இருந்த வெற்றிடத்தில், "பாலம் இல்லை. ஆற்றில் இறங்காதே" என்று தமிழில் எழுதி, அதையே சிங்களத்திலும் எழுதினான். ஆற்றுக்குப் பாதை பிரிகிற இடத்தில் குழி வெட்டி நாட்டினார்கள். கடைசி லயத்து ஆட்கள் எல்லாரும் வந்து கல் போட்டு இறுக்கினார்கள்.

அந்த வாரமே தீர்ப்பு வந்துவிட்டது. பேரவையின் பலகையைச் சேதப்படுத்தியதற்காகவும், சான்றின்றி எழுதியதற்காகவும் கறுப்பையா மலைக்களஞ்சியத்தில் எழுத ஆயுட்காலத் தடை. கடிதத்தின் அடியில் இந்த முறை நிஷாந்தினியின் பெயர் இல்லை, அவள் விலகிவிட்டாளாம். றம்ஸியா வாசித்துக் காட்டிவிட்டு, மேன்முறையீடு செய்ய வழி ஈக்கிது, செய்வோமா என்று கேட்டாள்.

"வேணாம் தங்கச்சி," என்றான் கறுப்பையா. "அங்க எழுதுறதுக்குத்தான் தடை. இங்க எழுதுறதுக்கு இல்லையே."

களஞ்சியத்தில் பாலம் இன்றும் இருக்கிறது. பாதுகாப்பாகக் கடக்கலாம். பொன்தரம்.

அடுத்த ஞாயிறு கொழும்பிலிருந்து ஒரு பெரிய கூட்டம் வந்தது. பாதை பிரிகிற இடத்தில் நின்று போனையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். போனில் பாலம் இருக்கிறது என்றான் ஒருவன். பலகையிலும் நட்சத்திரம் இருக்கிறது, இதுதான் பெரியது என்றாள் கூட வந்தவள். அதைக் கேட்டதும் மற்றவர்கள் மறுபேச்சில்லாமல் பலகையோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தார்கள். அவர்கள் இறங்கிப் போகும்வரை கறுப்பையா ஓட்டோவில் சாய்ந்துகொண்டு பார்த்தபடி இருந்தான். அன்றைக்கு ஆற்றங்கரையில் யாரும் கத்தவில்லை. யசோதினி வலித்த தோளுக்குத் தலையணை வைத்து, கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, பகல் முழுக்கத் தூங்கினாள்.